டிரெட்மில்லா, தெருவா: மூளை முடக்குவாதக் குழந்தைகளின் நடைப்பயிற்சி பற்றிய ஓர் அலசல்

மூளைப் பாதிப்பால் உடலசைவு குறைபடும் மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தையின் நடையைத் திருத்த நம் வேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் கேள்விப்படும் வழிகள் பல. கை கால்களை நீட்டி மடக்கிவிடுவது, தசைக்கு வலுவேற்றுவது, உடல் எடையில் ஒரு பங்கை மேலிருந்து தாங்கும் கச்சையைக் கட்டி, சுழலும் பட்டை கொண்ட டிரெட்மில்லில் நடக்கவிடுவது, தரையிலேயே நடந்து பழக்குவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவற்றை ஒப்பிடுமுன் குழந்தையின் நிலை தெரிந்திருக்க வேண்டும். குழந்தையின் இயக்கத் திறனை வகைப்படுத்த கனடாவில் உருவாகி 1997இல் வெளியான ஐந்து நிலை அளவுகோலில் முதல் இரண்டு நிலைக் குழந்தைகள் பொதுவாகப் பிடிப்பின்றி நடப்பார்கள். மூன்றாம் நிலையினர் வாக்கர் போன்ற கைப்பிடிக் கருவியுடன் நடப்பார்கள். இந்த அலசல் அந்த மூன்று நிலைகளைப் பற்றியதே. நான்காம், ஐந்தாம் நிலைகளில் சிகிச்சையின் இலக்குகளே வேறு.

எண்ணெய் தடவி நீவிவிடுவதையும், ஒருவர் கையால் சிறிது நேரம் தசையை இழுத்துப் பிடிப்பதையும் விரைவாகக் கடந்துவிடலாம். குழந்தைக்கு அவை இதமாக இருக்கலாம். ஆனால், குழந்தை தானாக எதையும் செய்யாத பயிற்சியால் நடை மேம்படும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

வலுவேற்றும் பயிற்சியின் கதை வேறு. இறுகிய தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தால் இறுக்கம் கூடிவிடும் என்று முன்பு அஞ்சினார்கள். அந்த அச்சம் ஆய்வுகளில் மெய்ப்படவில்லை. தசை உண்மையிலேயே வலுப்பெறுகிறது. ஆனால், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 29 சோதனைகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, அந்த வலு நடை வேகமாக மாறவில்லை என்றே காட்டியது. உட்கார்ந்தபடி எடையைத் தள்ளும் கால், ஒரு காலில் உடலைத் தாங்கிக்கொண்டே மறு காலை முன்னே வீசும் வித்தையைக் கற்பதில்லை. எனவே வலுப் பயிற்சியை நடைக்குத் துணையாகக் கொள்ளலாமே தவிர, நடைக்கு மாற்றாகக் கொள்ள முடியாது.

உண்மையான போட்டி டிரெட்மில்லுக்கும் தரைக்கும்தான். டிரெட்மில்லில் சிறிது நேரத்தில் நூற்றுக்கணக்கான அடிகள் எடுத்து வைக்கலாம்; வேகத்தைப் படிப்படியாகக் கூட்டலாம்; கச்சை இருப்பதால் விழும் பயமில்லை. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நம் மே மாதத்தில் அறைக்குள் பயிற்சி நடப்பதும் சிறு லாபமில்லை. ஆயினும், ஆஸ்திரேலியாவில் 34 குழந்தைகளை வைத்து வாரம் இருமுறையாக 9 வாரங்கள் நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட சோதனையில், கச்சையுடன் டிரெட்மில்லில் நடந்தவர்கள் தரையில் நடந்தவர்களை மிஞ்சவில்லை. காரணம் விளங்காததன்று: டிரெட்மில்லில் பட்டையே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போகிறது, தரையிலோ குழந்தைதான் உடலை உந்த வேண்டும், திரும்ப வேண்டும், குறுக்கே வரும் ஆட்டுக்குட்டிக்காக நிற்கவும் வேண்டும்.

வேலூரின் பாகாயத்தில் 1966 முதல் ஒரு மறுவாழ்வு நிலையம் இயங்குகிறது. 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்த பின்பும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால் எழுந்தது அது. மதிப்பீட்டுக்கும் கணுக்காலைத் தாங்கும் ஸ்பிளிண்டுக்கு அளவெடுக்கவும் இத்தகைய இடங்களுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால், அணைக்கட்டு, குடியாத்தம் போன்ற ஊர்களிலிருந்து கூலி வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்தேறும் தாய், டிரெட்மில்லுக்காக வாரம் இரண்டு நாள் வர இயலுமா? அந்தப் பயண நேரம் முழுவதையும் வீட்டு வாசலிலிருந்து பள்ளிவரை நடக்கச் செலவிடுவது கூடுதல் பலன் தரும் என்பதே என் கணிப்பு. போய்ச்சேர ஓர் இடமும், அங்கே போக வேண்டும் என்ற ஆசையும் குழந்தைக்கு இருந்தால் பயிற்சி நீடிக்கும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அளவு பார்க்காமல் தொடர வேண்டாம். 10 மீட்டர் தூரத்தைச் சுண்ணாம்பால் குறித்து, அதே தரையில், அதே செருப்பு அல்லது ஸ்பிளிண்டுடன் மாதம் ஒருமுறை நடக்கவிட்டு நொடிகளை எழுதி வைக்கலாம். மூன்று மாதங்களாகியும் எண் குறையாவிட்டால் அந்தத் தாளோடு இயன்முறை மருத்துவரைப் பார்த்துப் பயிற்சியை மாற்றச் சொல்லலாம்.