பிரம்மபுத்திராவில் கனரகச் சரக்கு அனுப்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பார்ஜின் பெயர் இல்லாத ஒப்பந்தம் வேண்டாம்

கொல்கத்தாவிலிருந்து அஸ்ஸாமுக்கு ஆற்றுவழியே பெரிய கலன்களை அனுப்ப நினைக்கும் திருச்சி, துவாக்குடிப் பட்டறைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் செய்த 120 டன் அழுத்தக்கலனை ஒரு கொல்கத்தா ஏஜென்டிடம் ஒப்படைத்தோம். அவர் காட்டியது ஒரு பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு), அனுப்பியது வேறு பார்ஜ். பிறகு நடு ஆற்றில் சரக்கை நிறுத்திவைத்துக்கொண்டு கூடுதல் பணம் கேட்டார்.

ஆற்றுவழி தவறான தேர்வு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சிலிகுரி வழியாகச் சாலையில் போனால் பாலத்துக்குப் பாலம் அனுமதி வாங்க வேண்டும். பார்ஜ், ஹூக்ளியில் கிளம்பி, சுந்தரவனத்தையும் வங்கதேச ஆறுகளையும் கடந்து அஸ்ஸாமின் துப்ரியில் இந்தியாவுக்குள் நுழைந்துவிடும். இந்தியாவும் வங்கதேசமும் 1972இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி இயங்கும் வழி இது. பிரம்மபுத்திராவில் துப்ரியிலிருந்து சதியா வரையுள்ள 891 கி.மீ. 1988 முதல் தேசிய நீர்வழி 2. எங்கள் கலன் அந்த வழியில் குவஹாத்திக்கு அப்பாலுள்ள சில்காட்டில் இறங்க வேண்டியிருந்தது.

விலை பேசியது மழைக்காலத்தில். சொந்த இன்ஜின் உள்ள நல்ல பார்ஜ் ஒன்றைக் காட்டினார்கள். தளமும் சரக்கைக் கட்டும் லாஷிங் வளையங்களும் உறுதியாக இருந்தன. ஆனால் அவர்கள் எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தில் 'தகுந்த பார்ஜ்' என்று மட்டுமே இருந்தது. பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. சேர்க்கும்படி நாங்கள் கேட்டபோது, 'கப்பல் வரும் தேதி உறுதியானதும் இணைப்பாகத் தருகிறோம்' என்றார்கள். அந்த இணைப்பு வரவே இல்லை.

எங்கள் கலனைச் சென்னையிலிருந்து ஏற்றிப்போன கப்பல் கொல்கத்தாவில் நின்றபோது வந்து சேர்ந்தது இன்ஜின் இல்லாத பழைய பார்ஜும் ஓர் இழுவைப்படகும்தான். கப்பல் காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறும். அந்த நெருக்கடியில் நாம் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம் என்பதை இவர்கள் நன்றாக அறிவார்கள். தொழிலே அந்த ஒரு நாளை நம்பித்தான் நடக்கிறது. பார்ஜைச் சோதித்துத் தரப்படும் சர்வே சான்றிதழின் நகலைக் கொடுத்தார்கள். அதிலிருந்த எண்ணும் பார்ஜின் முகப்பில் எழுதியிருந்த எண்ணும் வேறு வேறு. எழுத்துப் பிழை என்றார்கள். எதிர்ப்பைக் கடிதமாகக் கொடுத்து, படகை ஓட்டும் தலைவரான சாரெங்கிடம் கையெழுத்தும் வாங்கிய பிறகே ஏற்றவிட்டோம்.

இனி ஆழக் கணக்கு. இதை மட்டும் தயவுசெய்து நீங்களே போட்டுப் பாருங்கள். 40 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள தட்டையான பார்ஜ் நன்னீரில் 10 செ.மீ. அமிழ ஏறத்தாழ 40 டன் வேண்டும். 120 டன்னுக்கு 30 செ.மீ. ஏஜென்ட் காட்டிய கணக்கு அத்தோடு முடிந்துவிட்டது. கலனுடன் போன, பல அச்சுகள் கொண்ட மல்டி ஆக்ஸில் டிரெய்லரும் அதை இழுக்கும் வண்டியும் சேர்ந்து 65 டன். அது இன்னொரு 16 செ.மீ. இவற்றுக்கு மேல், பார்ஜின் அடியறைகளில் கசிவுத் தண்ணீர் நின்றது. ஒட்டுப்போட்ட தகடுகளும் சிமென்ட் பூச்சும் உள்ளே இறங்கிய எங்கள் ஆளின் படங்களில் தெளிவாகத் தெரிகின்றன. வழி முழுக்கப் பம்பு ஓடிக்கொண்டே இருந்தது.

பிரம்மபுத்திராவில் குளிர்காலத்தில் நீர் இறங்கும். மணல் இடம் மாறும், நேற்றைய வழி இன்று இருக்காது. மூங்கில் தட்டிகளை நட்டு நீரோட்டத்தை ஒரு வாய்க்காலுக்குள் திருப்பித்தான் வழியை வைத்திருக்கிறார்கள். உள்நாட்டு நீர்வழி ஆணையம் ஆழ அளவுகளை வெளியிட்டுவருகிறது. எங்களிடம் ஏஜென்ட் காட்டிய தாளில் இருந்ததோ மழைக்கால அளவு. பயணம் நடந்தது டிசம்பரில்.

குவஹாத்தியைத் தாண்டியதும் பார்ஜ் மணலில் ஏறியது. நிலக்கரியோ சிமென்டோ என்றால் பாதியை வேறு படகுக்கு மாற்றி மிதக்கவைக்கலாம். ஒற்றைக் கலனில் எதைக் குறைப்பது? இரண்டாவது இழுவைப்படகுக்கும் காத்திருப்புக்கும் என்று ஒப்பந்த வாடகையில் பாதிக்குச் சமமான தொகையைக் கேட்டார்கள். கொடுக்காவிட்டால் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விடுவோம் என்றும் சொன்னார்கள். சில்காட்டில் கிரேன் வாடகை ஓடிக்கொண்டிருந்தது, கலனை நிறுத்தும் அடித்தளம் தயாராக இருந்தது. உரிமை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதிவைத்துப் பணத்தைக் கட்டினோம். கலன் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெருமை ஏஜென்டுக்கு உரியதல்ல. இரவெல்லாம் விழித்துப் பம்பைக் கவனித்த படகாட்களுக்கு உரியது.

காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். 1963ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டப்படி, பாலிசியில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, தாமதத்தால் வரும் இழப்பு காப்பீட்டில் சேராது. எங்கள் கிரேன் வாடகைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. பார்ஜ் தகுதியற்றது என்று தெரிந்தே ஏற்றினீர்கள் என்றால் வழக்கமான பாலிசிகளில் சேதத்துக்கான கோரிக்கையும் சிக்கலில் மாட்டும். ஆகவே ஏற்றுவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனம் ஏற்கும் சர்வேயர் ஒருவரைத் துறைமுகத்துக்கு வரவழையுங்கள். அவருக்குத் தரும் கட்டணம் டெமரேஜின் அருகில்கூட வராது.

உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021இன்படி இயந்திரக் கலங்களுக்குப் பதிவும் சர்வே சான்றிதழும் வேண்டும். முன்பணம் தருவதற்கு முன் பார்ஜ், இழுவைப்படகு இரண்டின் ஆவணங்களையும் அசலாகப் பார்த்து, பெயரையும் எண்ணையும் ஒப்பந்தத்திலேயே எழுதவையுங்கள். வேறு பார்ஜ் வந்தால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும், கப்பலின் டெமரேஜ் அவர்கள் கணக்கு என்ற வரியும் இருக்கட்டும். சரக்கேற்றிய பின் அமிழும் ஆழத்தைச் சென்டிமீட்டரில் எழுதச் சொல்லுங்கள். அதை மீறிய பார்ஜ் தரைதட்டினால் மீட்புச் செலவு யாருடையது என்பதும் அங்கேயே முடிவாகட்டும். இதற்கு மறுப்பவரிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் போகாதீர்கள்.

விவகாரம் இப்போது நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) முன் இருக்கிறது. அதே அலுவலகம் அஸ்ஸாம் வேலைகளுக்கு இன்னும் விலைப்புள்ளி அனுப்பிக்கொண்டிருப்பதாகத் தொழில் நண்பர்கள் சொல்கிறார்கள். வாடகை மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். 'தகுந்த பார்ஜ்' என்ற சொற்கள் முதல் பக்கத்திலேயே இருக்கும்.