மலையேறத் திணறிய டீசல் கார்: பிக்கப் போனதும் மீண்டதும்

எங்கள் வீட்டில் ஓடுவது 1.5 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின் பொருத்திய ஏழு இருக்கைக் கார். வாரநாட்களில் கோவைக்குள் பள்ளி, கடைவீதி என்று ஓடும். விடுமுறை வந்தால் பண்ணாரி, திம்பம் வழியாக மைசூருக்குக் கிளம்பிவிடுவோம். லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் சமயத்தில் இதன் பிக்கப் மெல்ல மெல்லக் குறைந்தது. அதைச் சரிசெய்து இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டதால், நடந்ததை இப்போது நம்பிக்கையோடு எழுத முடிகிறது.

நகருக்குள் பெரிதாகத் தெரியவில்லை. திம்பம் மலைப்பாதைதான் காட்டிக்கொடுத்தது. அங்குள்ள 27 கொண்டை ஊசி வளைவுகளில், முன்பு மூன்றாவது கியரிலேயே இழுத்துச் சென்ற இடங்களில் இரண்டாவது கியர் தேவைப்பட்டது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்னால் கரும்புகை. மைலேஜும் இறங்கியது. சத்தியமங்கலம் சாலையில் ஒரு லாரியை முந்தத் தொடங்கிப் பாதியில் பின்வாங்க நேர்ந்தபோது, இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன். குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியில் வேகம் எடுக்காத எஞ்சின் என்பது பாதுகாப்புப் பிரச்சினை.

ஒரு பணிமனையில் ஸ்கேனரை மாட்டினார்கள். எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டாலும், நினைவகத்தில் பி 0299 என்ற குறியீடு பதிவாகியிருந்தது. உடனே, "டர்போ போய்விட்டது சார், புதிதாகத்தான் மாற்ற வேண்டும்" என்றார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் கருவிதான் டர்போ. அது தரவேண்டிய அழுத்தம் எஞ்சினுக்கு வந்து சேரவில்லை என்பது மட்டுமே அந்தக் குறியீட்டின் பொருள். காரணம் டர்போவாகவும் இருக்கலாம், காற்று வரும் வழியில் எங்காவது கசிவாகவும் இருக்கலாம். பெருந்தொகை கேட்கும் ஒரு பாகத்தை ஊகத்தின் பேரில் மாற்றச் சொல்வது சரியில்லை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்து வந்தேன்.

செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்தேன். பிரேக்கை அதிகம் தொடாமல் சிறிது தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனேன். எதிலும் தனியாகச் சூடு இல்லை. பிரேக் எங்கும் பிடித்துக்கொண்டு இழுக்கவில்லை என்று தெரிந்தது. அடுத்து கிளட்ச். நான்காவது கியரில் நிதானமாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால் எஞ்சின் சுழற்சியும் வண்டியின் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும். சுழற்சி மட்டும் எகிறினால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. எங்கள் வண்டியில் இரண்டும் சேர்ந்தே ஏறின. ஏர் ஃபில்டரும் சுத்தமாக இருந்தது.

கரும்புகையே பெரிய துப்பு. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தால் எரிபொருள் குறையும். வலு போகும், ஆனால் இப்படிக் கரும்புகை வராது. புகை கறுப்பாக வருகிறதென்றால் டீசல் போதுமான அளவு போகிறது, காற்றுதான் போதவில்லை. மலையில் குறை அதிகம் தெரிந்ததும் இதனால்தான். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். அந்த இழப்பை ஈடுகட்டுவது டர்போ. அதன் காற்று வழியிலேயே கசிந்தால் மேட்டில் வண்டி திணறத்தான் செய்யும்.

பிறகு எஞ்சின் சென்சார்களின் அளவுகளைப் போனில் காட்டும் ப்ளூடூத் ஓபிடி கருவி ஒன்றை வாங்கினேன். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பியபோது, உள்வாங்கு குழாயின் அழுத்தம் 96 கிலோபாஸ்கல் என்று காட்டியது. கோவையின் உயரத்துக்கு வெளிக்காற்றின் அழுத்தமும் அவ்வளவுதான். ஆக, சென்சாரை நம்பலாம். அடுத்து மைத்துனர் ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து போனைப் பார்த்தேன். ஆளில்லாத நேரான சாலையில் மூன்றாவது கியரில் முழுக்க அழுத்தியபோது 200-ஐத் தாண்ட வேண்டிய அழுத்தம் 160-இலேயே நின்றது. தயவுசெய்து இந்தச் சோதனையை ஓட்டுநரே போனைப் பார்த்தபடி செய்ய வேண்டாம்.

இந்த எண்களோடு சிங்காநல்லூர்ப் பக்கம் டீசல் வேலையில் ஊறிய ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் டர்போவின் தண்டை அசைத்துப் பார்த்து, "ஆட்டம் இல்லை, இது நன்றாக இருக்கிறது" என்றார். பிறகு காற்று வழியின் இரு முனைகளையும் அடைத்து, ஒரு பார் அழுத்தத்தைத் தாண்டாமல் காற்றை ஏற்றி, சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். சைக்கிள் கடையில் ட்யூபைத் தொட்டியில் அமுக்கிப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்க வளைவில் நுரை பொங்கியது. அங்கே எண்ணெய்ப் பசையும் தூசியும் அப்பியிருந்தன. அழுத்தம் ஏறினால் மட்டுமே வாய் திறக்கும் வெடிப்பு அது. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் கண்ணில் படவே படாது.

ஹோஸையும் இரண்டு கிளிப்புகளையும் மாற்றினோம். சிலிக்கான் ஹோஸ் போடலாமா என்று கேட்டேன். உள்பூச்சு இல்லாத சாதாரண சிலிக்கானில் எண்ணெய் ஊறி வெளிவரும் என்று அவர் சொன்னதால் ஒரிஜினல் ரப்பரையே வாங்கினேன். ஆன செலவு, புதிய டர்போவுக்குச் சொன்ன தொகையில் ஒரு சிறு பகுதிதான். குறைந்த வேகத்தில் சிறு தயக்கம் மட்டும் மிச்சமிருந்தது. கரி படிந்த இஜிஆர் வால்வை (புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் வால்வு) கழற்றிச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட்டோடு பூட்டியதும் அதுவும் போனது.

அதன்பின் அழுத்தம் 200-ஐத் தாண்டுகிறது, கரும்புகை இல்லை, மைலேஜ் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. ஒவ்வொரு சர்வீஸிலும் அந்த ஹோஸின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பார்க்கச் சொல்கிறேன். எண்ணெய் ஈரம் தெரிந்தால் அதுதான் முதல் அறிகுறி. மலையேறி நிறுத்தியதும், டர்போவின் சூடு தணிய, ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டே அணைக்கிறேன்.

ஒன்று மட்டும் மாறவில்லை, மாறவும் மாறாது. நிமிடத்துக்கு 1,800 சுழற்சிக்குக் கீழே இந்த எஞ்சின் மந்தம்தான். புதிதாக வாங்கியபோதும் அப்படித்தான் இருந்தது. வண்டி நிறைய ஆட்களும் சாமான்களும் இருந்தால், கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே இரண்டாவது கியருக்கு இறங்கிவிட வேண்டும்.