கூரைக்கு ஸ்பிரே ஃபோம் அடிக்கப் போகிறீர்களா? முதலில் பில்லைப் பாருங்கள்

சிங்கப்பூரில் செரங்கூன் கார்டன் பக்கம் எங்களுடையது பழைய தரைவீடு, ஓட்டுக்கூரை. மாடி அறையில் மாமியார் இருக்கிறார். மதியம் இரண்டு மணிக்கு அங்கே போனால் அடுப்படியில் நிற்பது போலிருக்கும், ஏர்கான் ஓடினாலும் அடங்காது. அதனால்தான் ஓட்டுக்கு அடியில் ஸ்பிரே ஃபோம், அதாவது பீய்ச்சியடித்ததும் நுரைத்து இறுகிச் சூட்டைத் தடுக்கும் பூச்சு, அடிக்க ஆள் கூப்பிட்டோம்.

வந்தவர் தமிழர். “அக்கா, உங்களுக்கு க்ளோஸ்ட் செல்தான் சரி, 2 அங்குலம் போதும்” என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவே அனுப்பினார். க்ளோஸ்ட் செல் என்பது உள்ளே குமிழ்கள் மூடியிருக்கும் ஃபோம். 7,800 வெள்ளி. நம்மவர்தானே என்று பில்லை ஊன்றிப் படிக்கவில்லை. அதில் வகையைச் சொல்லாமல் வெறும் ‘பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் 2 இன்ச்’ என்றுதான் இருந்தது.

டிசம்பர் மழையில் சீலிங்கில் பழுப்புத் திட்டு விழுந்தது. கணவர் மேலே ஏறி, இட்லி அளவுக்கு ஒரு துண்டு ஃபோமை வெட்டிக்கொண்டு வந்தார். பிழிந்தேன். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் போலத் தண்ணீர் கொட்டியது. கையை விட்டதும் பழையபடி உப்பிக்கொண்டது.

அது ஓப்பன் செல், குமிழ்கள் திறந்திருக்கும் வகை. க்ளோஸ்ட் செல் என்றால் கெட்டியாக இருக்கும், விரலால் அழுத்தினால் அமுங்காது, தண்ணீர் குடிக்காது. கன மீட்டருக்குச் சுமார் 32 கிலோ எடை. ஓப்பன் செல் 8 கிலோதான். அடித்ததும் கிட்டத்தட்ட நூறு மடங்கு உப்பும், அதனால் கொஞ்சம் மருந்திலேயே வேலை முடிந்துவிடும், செலவும் குறைவு. சூட்டைத் தடுக்கும் ‘ஆர்’ மதிப்பு க்ளோஸ்ட் செல்லுக்கு அங்குலத்துக்கு 6க்கு மேல், இதற்கு 3.5 சொச்சம். கொடுத்த காசுக்குப் பாதித் தடுப்புதான் கிடைத்திருக்கிறது!

ஓப்பன் செல்லே மோசம் என்று சொல்லவில்லை. சத்தத்தை நன்றாக அடக்கும், உட்சுவருக்குப் போடலாம். ஆனால் காற்றிலுள்ள ஈரம் அதற்குள் தாராளமாகப் போய்வரும். வெளியே வருஷம் முழுக்கப் புழுக்கம், உள்ளே ஏர்கான் குளிர்ச்சி. இந்த ஊரில் ஓட்டுக்கடியில் அதை அடித்தால் ஈரம் தங்காமல் என்ன செய்யும்?

ஃபோம் அடித்தவரிடம் கேட்டதற்கு, “ரெண்டும் ஃபோம்தானே அக்கா, ஓடு ஒழுகுனா நான் என்ன பண்றது?” என்றார். ஓர் ஓட்டில் விரிசல் இருந்தது உண்மைதான். அதைப் பார்க்காமலே மேலே ஃபோம் அடித்து மூடியது யார்? பூஞ்சை வாடையில் மாமியார் ராத்திரி முழுக்க இருமினார். பணத்தை விட அதுதான் எனக்கு ஆறவில்லை.

தயவுசெய்து எந்த வகை, எத்தனை கிலோ அடர்த்தி, எத்தனை அங்குலம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வேலையன்று ஃபோம் மருந்து வரும் ட்ரம்மின் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். அடித்த பிறகு ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கம் போக வேண்டாம். அப்புறம் மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே ஏறி, விரலால் அழுத்திப் பாருங்கள். நாலைந்து இடத்தில் மெல்லிய கம்பி குத்தி ஆழத்தை அளந்துகொள்ளுங்கள்.

சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் 20,000 வெள்ளி வரை, 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். அந்தக் குரல்பதிவை வைத்து நாங்கள் போட்டிருக்கிறோம். ஃபோமில் பாதியைச் சுரண்டி எடுத்தாயிற்று. மாமியார் இப்போது கீழே ஹாலில்தான் படுக்கிறார்.