ரைஃபிளை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்புதல்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தொலைதூர இலக்குச் சுடும் போட்டிகளுக்காகப் பல ஆண்டுகளாக அமெரிக்க மாநிலங்களுக்கிடையே என் ரைஃபிளை அனுப்பியும் உடன் எடுத்துச் சென்றும் வருகிறேன். உரிமம் பெற்ற விற்பனையாளர் வழி, அஞ்சல் வழி, விமான வழி மூன்றும் எனக்குப் பழக்கம். இதில் புதிதாக இறங்குபவர்கள் எந்தப் பெட்டி, எந்தப் பூட்டு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். யார் கைக்குப் போகிறது என்ற கேள்வியையே முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடித்துக்கொள்வது அந்த இடத்தைத்தான்.

வேறு மாநிலத்தில் வசிக்கும் தனிநபருக்குத் துப்பாக்கியை விற்றாலும் பரிசாகக் கொடுத்தாலும் நேரடியாக அவர் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வாங்குபவர் கூடப்பிறந்த தம்பியாக இருந்தாலும் இதே விதிதான். அவருடைய ஊரில் கூட்டாட்சி உரிமம் பெற்ற விற்பனையாளருக்கு அனுப்ப வேண்டும். அந்த விற்பனையாளர், வாங்குபவரின் விவரங்களைப் பதியும் 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை அவரை நிரப்பச் செய்து, பின்னணிச் சோதனையை முடித்த பிறகே ஒப்படைப்பார். அனுப்புவதற்கு முன் விற்பனையாளரின் உரிம நகலை வாங்கி, அந்த எண்ணைத் துப்பாக்கி உரிமங்களை வழங்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் பணியகத்தின் இணையதளத்தில் சரிபார்த்துவிடுகிறேன். பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு: தனிநபர் அனுப்பும் பார்சலை அவர் ஏற்பாரா? உரிமம் உள்ளவர்களிடமிருந்து வருவதை மட்டுமே வாங்கும் விற்பனையாளர்கள் நிறையப் பேர் உண்டு. சட்டம் அனுமதிப்பதால் மட்டும் அவர் வாங்கியே தீர வேண்டும் என்றில்லை. பெட்டிக்குள் என் பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டை நகல், யாருக்குச் சேர வேண்டும் என்ற குறிப்பு நான்கையும் வைக்கிறேன். இவை இல்லாவிட்டால் பெற்றவர் தம் பதிவேட்டில் எதை எழுதுவது என்று தெரியாமல் தவிப்பார்.

பலருக்குத் தெரியாத இரண்டு வசதிகள் இருக்கின்றன. பழுதுபார்க்க உரிமம் பெற்றவருக்கோ தயாரிப்பு நிறுவனத்துக்கோ மாநிலம் தாண்டி நாமே அனுப்பலாம். வேலை முடிந்ததும் அவர்கள் நேராக நம் முகவரிக்கே திருப்பி அனுப்பலாம். வேட்டைக்கோ வேறு சட்டபூர்வமான காரியத்துக்கோ போகும் மாநிலத்துக்கு, அங்குள்ள ஒருவரின் பொறுப்பில், நம் பெயருக்கே நாம் அனுப்பிக்கொள்ளலாம். பார்சலைப் பிரிப்பது உரிமையாளராக மட்டுமே இருக்க வேண்டும். வாங்கி வைக்கும் நண்பரிடம் இதை முன்கூட்டியே அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

யார் மூலம் அனுப்புவது என்பதில் தேர்வு குறைவு. தனியார் கூரியர் நிறுவனங்களான யுபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டும் உரிமம் பெற்றவர்களிடமிருந்து மட்டுமே துப்பாக்கியை ஏற்கின்றன. ஆகவே, அவற்றின் வழியே அனுப்ப வேண்டுமானால் உள்ளூர் விற்பனையாளருக்குக் கட்டணம் கொடுத்து அவர் கையால் அனுப்புவதே முறை. கொடுக்கும் பணத்துக்கு அது தகும் என்று அடித்துச் சொல்வேன். நீளத் துப்பாக்கிகளான ரைஃபிளையும் ஷாட்கன்னையும் தனிநபர் ஒருவர் அரசு அஞ்சல் வழியே விற்பனையாளருக்கு அனுப்பலாம். கைத்துப்பாக்கிக்கு 1927-லேயே தடை போட்டுவிட்டார்கள். தோட்டாவை அஞ்சலில் சேர்க்கவே கூடாது. உரிமம் இல்லாத ஒருவருக்குப் போகும் பார்சலில் துப்பாக்கி இருப்பதைச் சுமந்து செல்லும் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதே சட்டம், உள்ளே இருப்பது துப்பாக்கி என்று காட்டும் லேபிளை வெளியே ஒட்டும்படி அந்த நிறுவனம் வற்புறுத்துவதையும் தடுக்கிறது. திருட்டைத் தடுப்பதில் இதைவிட உருப்படியான விதி இல்லை.

இனி பெட்டி. நான் வைத்திருப்பது கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. ஓரத்தில் ரப்பர் விளிம்பு, நான்கு பூட்டுத் துளைகள், ஒரு முனையில் சக்கரம். விமானத்தில் போகும் துப்பாக்கி குண்டில்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், செக்-இன் சாமானாக, கவுன்ட்டரில் அறிவித்த பிறகே போக வேண்டும். சாவி பயணியிடம் மட்டும் இருக்கும். பெட்டி வாங்கும்போதே இதைச் செய்து பாருங்கள்: எல்லாவற்றையும் பூட்டிவிட்டு ஒரு மூலையைப் பிடித்து மேலே இழுங்கள். விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். நீளமான பெட்டியில் நடுவில் மட்டும் இரண்டு பூட்டுப் போட்டால் மூலைகள் வாய் பிளக்கும். துளை எத்தனையோ அத்தனை பூட்டு.

உள்ளே அடுக்குவதில் அனுபவம் சொல்லிக்கொடுத்தது குழல் முனையைப் பற்றி. பெட்டி செங்குத்தாகக் கீழே விழும்போது ரைஃபிளின் மொத்த எடையும் அந்த முனையில் இறங்கும். மெத்தென்ற நுரைப்பஞ்சை அது துளைத்துக்கொண்டு பெட்டிச் சுவரில் முட்டும். அங்கே மட்டும் அடர்த்தியான பஞ்சை வெட்டிப் பொருத்தியிருக்கிறேன். குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகமான போல்ட்டைக் கழற்றித் துணியில் சுற்றித் தனிக் குழியில் வைக்கிறேன். தொலைநோக்கிப் பிடியிலும் அது உட்காரும் தளத்திலும் சேர்த்து ஒரு மெல்லிய கோடு போட்டிருக்கிறேன். ஊர் போய்ச் சேர்ந்ததும் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும், நகர்ந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். காற்றழுத்த வால்வைக் கையால் திறக்கும் வகைப் பெட்டியானால், தரையிறங்கியதும் அதைத் திருகிவிட்டுத்தான் மூடியைத் தூக்க வேண்டும். வீட்டில் ரைஃபிளை இந்தப் பஞ்சுக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள்; பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைக்கும், குழலில் துரு பூக்கும்.

விமான வழியில் எனக்குள்ள பெரிய கவலை இணைப்பு விமானம். 1986-ஆம் ஆண்டின் துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம், புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க உரிமை உள்ளவரை இடைப்பட்ட மாநிலங்களில் காக்கிறது. ஆனால் துப்பாக்கி எளிதில் கைக்கு எட்டாதபடி இருக்க வேண்டும். 2005-ல் யூட்டா மாநிலத்துப் பயணி ஒருவர், துப்பாக்கி விதிகள் கடுமையான நியூ ஜெர்சி மாநிலத்தின் நெவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். சாமானைப் பெற்றுக்கொண்டு இரவு ஹோட்டலில் தங்கி, மறுநாள் விமான நிலையத்தில் துப்பாக்கியை அறிவித்தபோது கைதானார். அவர் மீதான குற்ற வழக்கு பின்னர் கைவிடப்பட்டாலும், கைதை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில் 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஹோட்டலில் பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்ததால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. உள்ளபடியே அறிவித்தவருக்கு இந்தக் கதி என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. சட்டம் மாறும்வரை நாம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கடுமையான விதிகள் உள்ள மாநிலத்தில் இரவு மாட்டிக்கொண்டால் பெட்டியைக் கையில் வாங்காதீர்கள். அடுத்த விமானம்வரை விமான நிறுவனத்தின் பொறுப்பிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நேரடி விமானம் கிடைத்தால் மட்டுமே ரைஃபிளோடு பறக்கிறேன். கிடைக்காத போட்டிகளுக்கு, சேரும் மாநிலத்தின் விதியைப் பார்த்துவிட்டு, அங்குள்ள நண்பர் பொறுப்பில் என் பெயருக்கே, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கும் அஞ்சலில் முன்னதாகவே அனுப்பிவிடுகிறேன்.