கீழக்கரையில் ஜெனரேட்டருக்குக் காயில் கட்டினேன்: வேலை சுத்தம், சொன்ன தேதி மட்டும் நம்பாதீர்கள்

ஏர்வாடியில் சின்னதாகப் பரோட்டாக் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் போனால் ஓட்ட ஒரு 2.5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர், நாலு வருஷமாகக் கடைக்குப் பின்னால் உப்புக்காற்றிலேயே கிடந்தது. போன மாதம் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜ், லைட் எல்லாம் ஓடும்போதே 1 ஹெச்பி தண்ணி மோட்டாரையும் போட்டுவிட்டோம். ஒரு உறுமல், வார்னிஷ் கருகிய நாற்றம், அப்புறம் இன்ஜின் பாட்டுக்கு ஓடுகிறது, கரண்ட் வரவில்லை.

முதலில் காட்டிய இடத்தில் ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் பார்ட்) போயிருச்சு என்று புதுசு மாட்டி 1,400 ரூபாய் வாங்கினார்கள். கடைக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் பண்ணினால் அதே நாற்றம். அது தண்டம்.

அப்புறம்தான் கீழக்கரைக் கடைத்தெருவுக்குள் போர்டுகூட இல்லாத இந்தக் காயில் கட்டும் (எரிந்த கம்பிச்சுற்றை எடுத்துவிட்டுப் புதுசு சுற்றும்) கடைக்குப் போனேன். கடைக்காரக் காக்காவுக்கு (இந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்) அறுபது வயது இருக்கும். பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார்: ஸ்டேட்டரில் (சுற்றாமல் நிற்கும் வெளிக் காயில்) ஒரு பக்கம் கரிக்கட்டை, மறுபக்கம் பழுப்பு நிறம் மாறாமல் அப்படியே இருக்கிறது. உள்ளே சுற்றும் ரோட்டாரை மீட்டர் வைத்துப் பார்த்து "இது நல்லாருக்கு தம்பி, இதுல கை வைக்க வேணாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

கம்பியைச் சுரண்டியதும் உள்ளே வெள்ளை. காப்பர் என்று சொல்லி விற்றது அலுமினியமாம்! பழைய கம்பியை எடைக்குப் போட்டுக் கொஞ்சம் காசு பார்க்கலாம் என்று நினைத்ததில் மண். கம்பி உட்காரும் பள்ளத்தை (ஸ்லாட்) ஒவ்வொன்றாக உருவி, சுற்றை எண்ணி, காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலில் குறித்துக்கொண்டார். புதுக் காப்பர் கம்பி, கரண்ட் கசியாமல் தடுக்கும் மைலார் பேப்பர், மேலே மூங்கில் சீவல் அடித்து, வார்னிஷில் முக்கிக் காய வைத்து, கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் மெக்கர் மீட்டரைப் போட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். பேரிங்கும் கார்பன் பிரஷும் சேர்த்து 5,600 ரூபாய்.

ஏன் எரிந்தது என்று கேட்டதற்கு என்னையே திருப்பிக் கேட்டார். பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்திருந்ததை ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்த மெஷின் தாங்குவது சுமார் 11 ஆம்பியர். தண்ணி மோட்டார் கிளம்பும்போது மட்டும், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கத் திராட்டிலை வேறு குறைத்து வைத்திருந்தோம். இன்ஜின் வேகம் குறைந்தால் உள் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சூடு வெளியே போகாது, வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க ஏவிஆரும் ரோட்டாருக்குக் கூடுதலாகக் கரண்டைத் தள்ளும். இப்போது லோடு இல்லாமல் 52 ஹெர்ட்ஸில் வைத்துக் கொடுத்திருக்கிறார், லோடு ஏறினால் 50-க்கு வந்து நிற்கிறது. பிரேக்கரும் திரும்ப மாட்டியாச்சு.

குறை என்றால் தேதிதான். ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்கு முன்னாடி நாலு நாளில் தருகிறேன் என்றவர் பதினோரு நாள் இழுத்தார். கூட்ட நேரத்தில் வாடகை ஜெனரேட்டருக்கே நல்ல காசு போனது. போன் எடுக்கவே மாட்டார், நேரில் போய் நின்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார். பில் கிடையாது, ஆறு மாத வாரண்டி வாய்வார்த்தைதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மூடினால் மூணு மணிக்கு மேல்தான் திறக்கிறார். ஜிபே இல்லை, காசாகக் கொண்டு போங்கள்.