சமன்பாட்டோடு நிறுத்தும் பயிற்சி: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டது

உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் கணக்குத் தேர்வில் கோட்டைவிடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, நாலு வரியில் கதை போலச் சொல்லப்படும் இயற்கணித வாக்கியக் கணக்கு. இன்னொன்று, படம் வரைந்து நிரூபிக்கச் சொல்லும் வடிவியல். இரண்டுக்கும் நான் பல ஆண்டுகளாக ஒரே பயிற்சி முறையைத்தான் பயன்படுத்திவருகிறேன். வாக்கியக் கணக்கில் சமன்பாடு அமைத்ததும் நிறுத்திவிட வேண்டும், தீர்க்கக் கூடாது. வடிவியலில் படம் வரைந்து, எந்தத் தேற்றம் எந்த இடத்தில் வரும் என்று ஓரிரு வரி எழுதியதும் நிறுத்திவிட வேண்டும், முழு நிரூபணம் தேவையில்லை. மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவன் என்ற முறையில் இதன் நல்லதையும் கெட்டதையும் நிறையவே பார்த்துவிட்டேன். வீட்டில் தானாகப் படிக்கிற மாணவருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்கும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

காரணம் எளிது. இருபடிச் சமன்பாட்டைக் கையில் கொடுத்தால் காரணிப்படுத்தியோ சூத்திரம் போட்டோ விடை கொண்டுவரும் பிள்ளை, அதே சமன்பாடு கதைக்குள் ஒளிந்திருந்தால் பேனாவை வைத்துவிடுகிறது. அதற்கு வராதது அமைக்கும் வேலை. ஆனால் ஒரு மணி நேரம் பயிற்சி செய்தால் அதில் பெரும்பகுதி, ஏற்கெனவே தெரிந்த தீர்க்கும் வேலைக்கே போய்விடுகிறது. தீர்ப்பதை எடுத்துவிட்டால் அதே ஒரு மணி நேரத்தில் பல கணக்குகளைத் தொட்டுவிடலாம். அத்தனையும் வராத பகுதியில் செய்த பயிற்சியாகவே இருக்கும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். நிலையான நீரில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் செல்லும் படகு, நீரோட்டத்தை எதிர்த்து 24 கி.மீ. சென்று, அதே வழியில் திரும்பி வர மொத்தம் 5 மணி நேரம் ஆகிறது. நீரோட்டத்தின் வேகம் என்ன?

பிள்ளைகள் முதல் வரியில் ‘வேகம் = x’ என்று எழுதுவார்கள். எந்த வேகம்? இந்தக் கணக்கில் நான்கு வேகங்கள் இருக்கின்றன: படகின் வேகம், ஓட்டத்தின் வேகம், எதிர்த்துப் போகும் வேகம், திரும்பி வரும் வேகம். அதனால் முதல் வரி முழு வாக்கியமாக, அலகோடு இருக்க வேண்டும் என்பதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை: ‘நீரோட்டத்தின் வேகம் மணிக்கு x கி.மீ. என்க.’ அடுத்து மூன்று பத்தி கொண்ட சின்ன அட்டவணை, தூரம், வேகம், நேரம் என்று. எதிர்த்துப் போகும் வரிசையில் 24, 10−x, 24/(10−x). திரும்பும் வரிசையில் 24, 10+x, 24/(10+x). கணக்கில் கொடுத்த 5 எந்தப் பத்தியைச் சேர்ந்தது? நேரப் பத்தி. அப்படியென்றால் அந்தப் பத்தியின் கூட்டுத்தொகை 5. சமன்பாடு வந்துவிட்டது. இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இதை முதன்முதலில் செய்யும் பிள்ளை கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “சார், விடையே கண்டுபிடிக்கலையே, சமன்பாடு சரியா தப்பான்னு எப்படித் தெரியும்?” நியாயமான கேள்வி. என் பதில், ஒரு எண்ணை எடுத்துக் கதையில் போட்டுப் பார் என்பது. ஓட்டத்தின் வேகம் 2 என்று வைத்துக்கொள். எதிர்த்துப் போகும்போது வேகம் 8, நேரம் 3 மணி. திரும்பும்போது வேகம் 12, நேரம் 2 மணி. மொத்தம் 5. இந்தக் கணக்கில் அந்த எண்ணே விடையாகவும் அமைந்துவிட்டது, ஆனால் அமைய வேண்டும் என்ற அவசியம் இல்லை. 1 என்று வைத்தாலும், எதை எதால் வகுத்தோம், எதை எதோடு கூட்டினோம் என்பது கண்ணில் படும். அந்த 1 இருந்த இடத்தில் x-ஐ வைத்தால் அதுதான் சமன்பாடு. இன்னொரு லாபமும் உண்டு. ஓட்டத்தின் வேகம் 10-க்கு மேல் இருந்தால் படகு எதிர்த்துப் போகவே முடியாது என்பது தீர்ப்பதற்கு முன்பே புரிந்துவிடும். பிறகு ஒருநாள் அதே கணக்கைத் தீர்த்து x = 2, x = −2 என்று இரண்டு மதிப்புகள் வரும்போது எதை ஒதுக்குவது, ஏன் ஒதுக்குவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஜான் கிளமென்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1982இல் வெளியிட்ட ஆய்வும் ஒரு காரணம். ‘இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள். மாணவர் எண்ணிக்கையை S என்றும் பேராசிரியர் எண்ணிக்கையை P என்றும் கொண்டு இதைச் சமன்பாடாக எழுதுக.’ கேள்வி இவ்வளவுதான். பொறியியல் முதலாண்டு மாணவர்கள் 150 பேரிடம் கொடுத்ததில் 37 சதவீதம் பேர் தவறாக எழுதினார்கள். பெரும்பாலான தவறுகள் 6S = P என்று தலைகீழாக எழுதியவை. பொறியியல் படிப்பவர்களுக்கே சறுக்குகிற இடம் இது. பேராசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 60 பேர் என்று ஒரு எண்ணைப் போட்டாலே 6S = P நிற்காது, S = 6P தான் நிற்கும் என்று தெரிந்துவிடும்.

வயதுக் கணக்குகளுக்கும் அதே அட்டவணைதான், பத்திகளின் பெயர் மட்டும் ‘இப்போது’, ‘12 ஆண்டுகளுக்குப் பின்’ என்று மாறும். அப்பாவின் வயது மகனின் வயதைப் போல மூன்று மடங்கு, 12 ஆண்டுகளில் இரு மடங்கு என்றால், பலரும் 3x + 12 = 2x என்று எழுதுவார்கள். 12-ஐ அப்பாவுக்குக் கூட்டியவர்கள் மகனுக்குக் கூட்ட மறந்துவிடுகிறார்கள். அட்டவணையில் மகனின் கட்டம் காலியாக இருந்தால் அது கண்ணை உறுத்தும், உடனே x + 12 வந்துவிடும்.

நோட்டில் ஒரு பக்க ஓரத்தைத் தவறுகளுக்காக ஒதுக்கிவைக்கச் சொல்வேன். தவறை வகைப்படுத்த நான் வைத்திருப்பது, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் நியூமன் 1977இல் கொடுத்த ஐந்து படிகள்: வாசித்தல், புரிந்துகொள்ளுதல், கணித வடிவத்துக்கு மாற்றுதல், செய்முறை, விடையை எழுதுதல். தவறு எந்தப் படியில் நடந்தது என்று ஒரே ஒரு சொல் எழுதினால் போதும். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை மட்டும் நான் அனுமதிப்பதில்லை. அதை எழுதிவிட்டால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்காது. கொஞ்ச நாள் கழித்து அந்த ஓரத்தைப் புரட்டினால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ‘மாற்றுதல்’ திரும்பத் திரும்ப வந்திருக்கும். சிலருக்கு ‘விடை’ வரும். x கண்டுபிடித்து நிறுத்தியிருப்பார்கள், கேள்வி கேட்டதோ 2x + 3. இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சி கொடுப்பது வீண்.

வடிவியலுக்கு வருகிறேன். இங்கே இந்த முறை இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்பது என் கருத்து. வடிவியலில் தீர்மானமாவது எல்லாம் படத்தில்தான். புத்தகத்தில் அச்சாகியிருக்கும் படத்தையே பார்த்துப் போடும் பிள்ளைக்கு, படம் கொடுக்காத கேள்வி வந்தால் கை ஓடாது. அதனால் அச்சுப் படத்தைத் தாளால் மூடிவிட்டு, வார்த்தைகளை மட்டும் படித்து வரைய வேண்டும். முக்கோணம் என்றதும் கை தானாக இருசமபக்க முக்கோணம் போடும், நாற்கரம் என்றதும் செவ்வகம் போடும். வேண்டுமென்றே கோணலாக வரைய வேண்டும். இல்லையென்றால் கேள்வியில் இல்லாத சமபக்கமும் செங்கோணமும் நிரூபணத்துக்குள் நுழைந்துவிடும்.

படத்தைச் சரியாக வரைந்தும் தவறும் இடம் ஒன்று உண்டு. முக்கோணம் ABC-யில் D என்பது AB மீதும், E என்பது AC மீதும் இருக்கின்றன. DE, BC-க்கு இணை. AD = 4, DB = 6, BC = 15 எனில் DE என்ன? அடிப்படை விகிதசமத் தேற்றத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளை AD/DB = DE/BC என்று போட்டு 10 என்று விடை சொல்லும். அந்தத் தேற்றம் சொல்வது AD/DB = AE/EC என்பதை மட்டுமே, அதில் DE-க்கு இடமே இல்லை. DE வேண்டுமென்றால் ADE, ABC என்ற இரண்டு முழு முக்கோணங்களின் வடிவொத்தமைக்குப் போக வேண்டும். AD/AB = 4/10, எனவே DE = 6. இதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி, சின்ன முக்கோணத்தைப் பெரிதிலிருந்து பிய்த்து, பக்கத்தில் தனியாக வரைவது. தனியாக வரைந்ததும் 6 என்ற நீளம் கொண்ட DB சின்ன முக்கோணத்தின் பக்கமும் இல்லை, பெரிய முக்கோணத்தின் பக்கமும் இல்லை என்பது பளிச்சென்று தெரியும். வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரையும் கணக்கிலும், ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் வரும் உயரக் கணக்கிலும் இப்படிப் பிரித்து வரைவது அப்படியே உதவுகிறது.

கணினியிலோ கைப்பேசியிலோ படத்தை அசைத்துப் பார்க்க ஜியோஜீப்ரா என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது. மாணவர்கள் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஏதாவது ஒரு நாற்கரம் வரைந்து, நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் இணைத்துவிட்டு, ஒரு முனையைப் பிடித்து இழுக்கச் சொல்வேன். வெளி நாற்கரம் எப்படி நெளிந்தாலும் உள்ளே இருப்பது இணைகரமாகவே நிற்கும். அதைப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் மகிழ்ச்சிக்காகவே இதை எல்லோருக்கும் காட்டுவேன். ஆனால் ஒன்று. கண்ணால் பார்த்துவிட்டதால் இனி நிரூபிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எனவே இழுத்துப் பார்த்து முடித்ததும் திரையை மூடிவிட்டு, ஏன் இணைகரம் என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். ஒரு மூலைவிட்டம் போட்டு, நடுப்புள்ளித் தேற்றத்தை இரண்டு முக்கோணங்களில் பயன்படுத்தினால் போதும் என்று எழுதிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. தேர்வு அறையில் கவராயமும் அளவுகோலும்தான் கையில் இருக்கும் என்பதால் இதை வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் திறப்பதில்லை.

கேள்வியைப் படம் பிடித்தால் விடை தரும் செயலிகளைப் பற்றிப் பெற்றோர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் எதிரி இல்லை. ஆனால் முழுக் கேள்வியையும் அதில் போட்டால் அது முதலில் செய்து கொடுப்பது சமன்பாட்டைத்தான். பிள்ளைக்குப் பயிற்சி வேண்டிய ஒரே பகுதியை அது எடுத்துக்கொண்டு, வந்த சமன்பாட்டை நோட்டில் பிரதி எடுக்கும் வேலையைப் பிள்ளைக்கு விட்டுவைக்கிறது. சமன்பாட்டைத் தானே எழுதிய பிறகு, தீர்த்த விடை சரியா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துவது நல்லது.

கணக்குகளைக் கலந்து கொடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும், இது பலருக்குப் பிடிக்காது. பாடப்புத்தகப் பயிற்சியில் பத்துக் கணக்கும் ஒரே வகையாக இருக்கும். முதல் கணக்கு படகு என்றால் பத்தாவதும் படகு. எந்த முறை என்று யோசிக்கவே தேவையில்லை. தேர்வில் தலைப்பு கொடுப்பதில்லை. டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கணக்குகளை வகை வகையாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் குழு 20 சதவீதத்துக்கு இறங்கியது, கலந்து போட்டவர்கள் 63 சதவீதத்தில் நின்றார்கள். நான் சொல்லித்தரும் இடத்திலும் கலவைப் பயிற்சி தொடங்கும் மாதத்தில் பிள்ளைகள் சோர்ந்துதான் போகிறார்கள். பயிற்சி மதிப்பெண் குறைவதைப் பார்த்துப் பெற்றோர் பதறுவார்கள். அந்த ஒரு மாதத்தைத் தாண்ட வைப்பதுதான் பெரிய வேலை. சமன்பாட்டோடு நிறுத்துவதால் கலவைப் பயிற்சிக்கு நேரமும் கிடைக்கிறது. வயது, வேலை-நாள், கூட்டுத் தொடர்வரிசை, பரப்பளவு, படகு, வடிவொத்த முக்கோணம் எல்லாம் ஒரே மாலையில் வந்துவிடும்.

இனி குறைகள். பின்னங்களைச் சுருக்குவதிலும், அடைப்புக்குறி நீக்கும்போது குறி மாற்றுவதிலும் தடுமாறும் பிள்ளைக்கு இந்த முறை ஏற்றதல்ல. அவர்கள் முதலில் தீர்க்கும் பயிற்சியைத்தான் செய்ய வேண்டும். நன்றாகப் படிப்பவர்களுக்கும் விடை வராமல் நிறுத்துவது எரிச்சலாக இருக்கும். அவர்களுக்காகப் பத்தில் இரண்டு கணக்கை முழுதாகத் தீர்க்க விடுகிறேன், எந்த இரண்டு என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். நிரூபணத்தை எழுதும் வேகமும் இந்த முறையில் வளராது. கொடுக்கப்பட்டவை, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம் என்று வரிசையாக, ஒவ்வொரு வரிக்கும் காரணத்தோடு எழுதக் கைக்குப் பழக்கம் வேண்டும். அது எழுதி எழுதித்தான் வரும்.

அதனால் தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது இதை அப்படியே நிறுத்திவிட்டு, கடிகாரத்தை வைத்து முழுத்தாள் பயிற்சிக்கு மாறிவிடுகிறோம். பழைய நோட்டில் பாதியில் நிற்கும் சமன்பாடுகள் அப்போது கைகொடுக்கும். புதிதாகக் கணக்குத் தேட வேண்டாம், அவற்றையே எடுத்துத் தீர்த்து, விடையைக் கேள்வியில் பொருத்திப் பார்த்து முடிக்கலாம். படிகளுக்குத் தனி மதிப்பெண் தரும் தேர்வு என்றால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வோம்: நேரம் போதாது என்று தெரிந்ததும் மீதமுள்ள ஒவ்வொரு வாக்கியக் கணக்குக்கும் ‘x என்க’ வரியையும் சமன்பாட்டையும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவது.