மட்டக்களப்பிலிருந்து புறாத்தீவுக்கு ஒரு நாள் வான் பயணம்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

மே மாதம் கடல் அடங்கினால் போதும், மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து வான்காரர்கள் நிலாவெளிக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரைக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவு, மாஸ்க் போட்டு மிதந்தபடி முருகைக்கல்லும் (பவளப்பாறை) மீனும் பார்க்கும் இடம். அதைப் பொறுத்தவரை கொடுக்கிற காசு வீண்போகாது. ஆனால் அவர்கள் வழக்கமாகப் போடும் ஒழுங்கை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டு, வழியில் சாப்பிட்டு, திருகோணமலையில் கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் பார்த்து முடிய, படகில் ஏறப் பகல் பன்னிரண்டு தாண்டிவிடும். அந்நேரம் காற்று எழும்பியிருக்கும். காலையிலிருந்து வந்தவர்கள் கலக்கிய மணல் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருக்கும். அலையும் கலங்கலும் சேர்ந்தால் மீன் நிழலாகத்தான் தெரியும்.

ஆகவே தீவு முதலில், மற்றதெல்லாம் பிறகு. இந்த ஒன்றை மாற்றச் சம்மதிக்காத வானைப் பிடிக்கவே வேண்டாம்.

மட்டக்களப்பு நகரிலிருந்து நிலாவெளிக் கரைக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர். வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாகப் போகும் கரையோர வீதிதான் சுருக்கம். முன்பு இதில் துறைக்குத் துறை ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்து, மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்த பிறகு மூன்று மணித்தியாலத்தில் போய்ச் சேரலாம். வெள்ளன நாலு மணிக்கு வெளிக்கிட்டால் ஏழரைக்குள் கரையில் நிற்கலாம். வாகரைக்கு அங்கால் இருட்டில் மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும், சாரதியை அவசரப்படுத்த வேண்டாம். வாடகை பேசும்போது போய்வர 300 கிலோமீற்றர் என்று எடுத்து, திருகோணமலைக்குள் சுற்ற இன்னும் 30 சேர்த்துப் பேசுங்கள். சாரதியின் சாப்பாடும் காத்திருப்பும் அதற்குள் அடக்கமா என்பதையும் அப்போதே கேளுங்கள். திரும்பி வந்த பிறகு எழும் தகராறுகளில் பாதி இந்தக் கணக்கால்தான்.

பஸ்ஸில் போக நினைப்பவர்கள் ஒரு இரவு நிலாவெளியில் தங்குவதே நல்லது. மட்டக்களப்பு–திருகோணமலை பஸ், பிறகு குச்சவெளிப் பக்கம் போகும் பஸ் என்று மாறி ஏறிப் போய்ச் சேர்வதற்குள் காலைக் கடல் கைவிட்டுப் போய்விடும். ரயில் இதற்குச் சரிவராது, கல்லோயாச் சந்தி வரை போய் மாற வேண்டும்.

கட்டணத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வான்காரர் சொல்லும் தொகைக்குள் பெரும்பாலும் தீவுச் செலவு இராது. கரையில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கருமபீடத்தில் ஆளுக்கு நுழைவுச்சீட்டு, அதோடு குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், அதன் மேல் வரி. படகுக்கூலி வேறு, அது ஆள் கணக்கல்ல, படகுக் கணக்கு. ஆகவே நாலு பேராகப் போனால் தலைக்கு விழும் தொகை கூடும், எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தால் குறையும். மாஸ்க், மூச்சுக் குழாய், கால் துடுப்பு வாடகையும் தனி. லண்டனிலோ கனடாவிலோ இருந்து வந்த சொந்தக்காரரையும் கூட்டிப் போகிறீர்களென்றால் கவனியுங்கள்: வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு. இலங்கை அடையாள அட்டை உள்ளவர்கள் அதை மறக்காமல் கொண்டுபோக வேண்டும்.

நிலாவெளிக் கரையிலிருந்து தீவு ஒரு கிலோமீற்றர்தான், படகில் பத்துப் பதினைந்து நிமிடம். உப்புவெளியிலிருந்தும் படகு விடுகிறார்கள். அது நீண்ட ஓட்டம், அலை அடித்தால் சிறுவர்கள் சத்தி எடுப்பார்கள். நிலாவெளியிலேயே ஏறுங்கள். திரும்ப ஏற்ற வரும் நேரத்தைப் படகுக்காரரோடு தெளிவாகப் பேசுங்கள். குறைந்தது இரண்டரை மணித்தியாலம் கேளுங்கள்.

பெயர் புறாத்தீவு என்றாலும் இருப்பவை இரண்டு. பெரிய தீவில்தான் இறக்குவார்கள். சின்னது வெறும் பாறை, மாடப்புறாக்கள் கூடு கட்டும் இடம். புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகி, 2003 இல் தேசியப் பூங்காவானது. பெரிய தீவே ஏறத்தாழ 200 மீற்றர் நீளம்தான். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கக் கரைக்கு நடந்துவிடலாம். இரண்டு கரையிலும் ஒரே நாளில் தண்ணீர் ஒரே மாதிரி இராது, எந்தப் பக்கம் இன்று தெளிவு என்று படகுக்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். கரையில் கிடப்பது மணலைவிட உடைந்த முருகைக்கல்தான் அதிகம். வெறுங்காலோடு நடந்தால் பாதம் கிழியும். பின்பட்டி உள்ள றப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை மாஸ்க்கைத் தண்ணீரில் இறங்கிய பிறகு சோதிப்பது பெரிய பிழை. கரையிலேயே பட்டியைத் தலைக்குப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்த பிறகும் அது முகத்தில் ஒட்டி நின்றால் அளவு சரி. விழுந்தால் வேறொன்று கேளுங்கள். நெற்றி மயிர் ஓரத்தில் சிக்கினாலும் தண்ணீர் கசியும். மீசைக்காரர் மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் பூசினால் கசிவு குறையும். கண்ணாடி உள்ளே புகை பிடித்தால், எச்சில் பூசி ஒரு தரம் அலசினால் தெளியும். லைஃப் ஜக்கெட்டின் கொக்கிகள் எல்லாம் பூட்டுகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தோளில் பிடித்து மேலே தூக்கும்போது அது காதுவரை வந்தால் அந்த அளவு பெரிது. நீச்சல் பழக்கமில்லாதவர்களுக்குக் கால் துடுப்பு வேண்டாம், அதுதான் கல்லை அதிகம் உடைக்கிறது.

கிளை விட்டு நிற்கும் முருகைக்கல்லை உடைத்துவிட்டால் ஒரு சாண் திரும்ப வளர இரண்டு வருடம் வரை போகும், அதுவும் எல்லாம் நன்றாக இருந்தால். அது உயிர் என்பதைச் சிறுவர்களுக்கு வானிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். களைத்தால் கல்லில் ஏறி நிற்காமல் மல்லாந்து மிதக்கச் சொல்லுங்கள். வெயிலுக்குக் கிறீம் பூசுவதைவிட நீளக்கை ரீசேட் போடுவது முதுகுக்கும் நல்லது, கல்லுக்கும் நல்லது. செட்டை நுனி கறுத்த சுறாக்கள் ஆழமில்லாத தண்ணீரில் சுற்றும். அவை ஆளைக் கண்டு விலகுகிறவை, துரத்தாமல் அசையாமல் மிதந்தால் அருகால் போகும்.

ஒரு ஆபத்தைப் பற்றி எந்த வான்காரரும் சொல்வதில்லை. கச்சான் என்கிற தென்மேல் காற்று பலமாக வீசும் நாளில் அது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கரை ஓரம் அமைதியாகத் தெரியும், ஆனால் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதக்கிறவர் தெரியாமலே வெளியே தள்ளப்படுவார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் தலையைத் தூக்கிக் கரையைப் பாருங்கள், தனியே மிதக்க வேண்டாம்.

தீவில் கடை கிடையாது. ஆளுக்கு ஒரு லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் கொண்டுபோங்கள். பொலித்தீன் பை உள்ளே விடமாட்டார்கள், சாப்பாட்டைப் பெட்டியில் கட்டுங்கள். முழங்கால் வருத்தமுள்ள பெரியவர்களுக்கு இந்தப் பயணம் கஷ்டம். அலையில் ஆடும் படகிலிருந்து தண்ணீருக்குள் கால் வைத்து இறங்க வேண்டும். அவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் பாசிக்குடா போதும், தூரமும் காற்பங்குதான், நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர்.

போயா, நீண்ட வார விடுமுறை, ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை மூன்றையும் தவிர்த்து, கிழமை நாளில் போங்கள். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எடுத்த பிறகு யார் மலிவு விலை சொன்னாலும் போக வேண்டாம்.

பதினொரு மணிக்குத் தீவை விட்டால் மாலைக்கு நேரம் இருக்கிறது. கன்னியாவா கோணேசரா என்றால் ஒன்றை மட்டும் எடுங்கள். நண்பகல் வெயிலில் கன்னியாச் சுடுதண்ணீர் இதமாக இராது. கோணேசர் கோயிலுக்குப் பின்னேரப் பூசைக்கு ஏறுவது நல்லது. உப்போடு ஏற முடியாது, குளித்து மாற்ற இடம் எங்கே என்று சாரதியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஐந்தரைக்குள் திருகோணமலையை விட்டால் மாடுகள் வீதிக்கு வர முன் வாகரையைத் தாண்டலாம்.